‘டிராஃபிக் இன் சைட்’ சொல்வதற்கு முன்

புதுச்சேரி விமான நிலையம் உள்ள லாஸ்பேட்டையில் இருப்பது ஒரே ரன்வே. நீளம் சுமார் 1,500 மீட்டர். ஒரு முனைக்குப் பெயர் 07, மறுமுனைக்கு 25. காந்தத் திசைப்படி ஏறக்குறைய 70 டிகிரி, 250 டிகிரி என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. ஜூன் கடைசியில் புதுச்சேரியில் சூரியன் உதிப்பது 66 டிகிரி பக்கம். ஆனி மாத விடியலில் 07-இல் இறங்க வருகிறவருக்கு வெயில் நேராக மூக்கில் அடிக்கும். மார்கழியில் கதை திரும்பிவிடும்: சூரியன் 246 டிகிரி பக்கம் மறைவதால் சாயங்காலம் 25-இல் இறங்குகிறவருக்குக் கண் கூசும். அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைச் செஸ்னா, அதாவது சின்னப் பயிற்சி விமானம், போய்க்கொண்டிருந்தால் அந்த வெளிச்சத்தில் அது கரைந்தே போகும்.

அந்த நேரத்தில் டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், கேட்கும்: நீங்கள் வரிசையில் இரண்டாவது, முன்னால் ஃபைனலில் (ரன்வே நேரே இறங்கும் கடைசிக் கட்டத்தில்) ஒரு செஸ்னா, தெரிகிறதா? கை பட்டனுக்குப் போகும் வேகத்திலேயே வாயில் வந்து விழும் பதில் ‘டிராஃபிக் இன் சைட்’, அந்த விமானம் தெரிகிறது என்று அர்த்தம். இந்தப் பதிவு அந்த மூன்று சொற்களைப் பற்றி. மாணவ விமானிகளுக்காக எழுதுகிறேன். பிள்ளையைப் பறக்கும் பள்ளியில் சேர்த்துவிட்டு, ‘அதான் டவர் பார்த்துக்குமே’ என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோரும் படிக்கலாம்.

டவர் எதைப் பார்த்துக்கொள்ளும் என்பதில்தான் பெரிய குழப்பம். வான்வெளியை ஏ முதல் ஜி வரை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். புதுச்சேரி மாதிரியான ஊர்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளி பொதுவாக ‘டி’ வகை. உள்ளே நுழைய அனுமதி வேண்டும், ரேடியோ வேண்டும், சொன்னபடி கேட்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டு எல்லா விமானத்தையும் டவர் பிரித்து வைக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். விதி அப்படிச் சொல்லவில்லை. கருவிகளை நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் விமானம் இரண்டு இருந்தால் அவற்றுக்கிடையே இடைவெளி வைப்பது கட்டுப்பாட்டாளர் வேலை. கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் விமானத்துக்கு ‘டி’ வகையில் கிடைப்பது தகவல் மட்டும்: இன்னார் இன்ன இடத்தில், இன்ன உயரத்தில். கேட்டால் விலகிப்போக யோசனையும் சொல்வார்கள். இரண்டு செஸ்னாக்களுக்கு நடுவே இத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்று ஆகாயத்தில் அளந்து வைப்பவர் யாரும் கிடையாது. ரன்வேயில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பதை டவர் உறுதி செய்யும். மற்றபடி, பார்த்து விலகுவது உங்கள் பொறுப்பு.

அதனால் ‘இன் சைட்’ என்று நீங்கள் சொன்ன கணம், அந்த இன்னொரு விமானத்தை மோதாமல் இருக்கும் வேலையை முழுசாக வாங்கிக்கொண்டீர்கள். கட்டுப்பாட்டாளர் மனசில் அந்தக் கணக்கு முடிந்தது, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சான் டியேகோவே சாட்சி. 1978 செப்டம்பர் 25 அன்று பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727 இறங்க வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு செஸ்னா 172. தெரிகிறது என்று போயிங் விமானிகள் சொன்னார்கள், பார்த்தும் இருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் செஸ்னா கண்ணை விட்டு மறைந்தது. நம்மைத் தாண்டிப் போயிருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களே தவிர, ‘இப்போது தெரியவில்லை’ என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. செஸ்னா தாண்டிப் போகவில்லை. முன்னால், கீழேயே இருந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். விமானம் கண்ணில் படுவது ஒரு வேலை, பட்டதைத் தவறவிட்டால் உடனே சொல்வது இன்னொரு வேலை. இந்த இரண்டாவதை மாணவர்களுக்குப் போதுமான அளவு அடித்துச் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

பார்ப்பது என்ன அவ்வளவு கஷ்டமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருள் கண்ணில் பட்டு, அது விமானம் என்று புரிந்து, நம்மீது வருகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் பாதை மாறும் வரை 12.5 வினாடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறை பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு. இதில் 5 வினாடி ‘மோதப் போகிறோம்’ என்று புரியவும், 4 வினாடி முடிவெடுக்கவும் போய்விடுகிறது. கை அசைய ஆவது வெறும் 0.4.

இரண்டு செஸ்னாக்கள் ஆளுக்கு 100 நாட் (மணிக்கு 100 கடல்மைல்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் வினாடிக்கு 103 மீட்டர் நெருங்குகின்றன. 12.5 வினாடிக்கு 1,290 மீட்டர். அந்தத் தூரத்தில் செஸ்னா 172 எவ்வளவு பெரிதாகத் தெரியும்? இறக்கை முனைக்கு முனை 11 மீட்டர். கணக்குப்படி அரை டிகிரி, அதாவது முழு நிலா அகலம். இதைக் கேட்டால் தாராளமாகத் தெரியும் போலத்தான் இருக்கும். ஆனால் நேர் எதிரே வரும்போது இறக்கை வெறும் கோடு. கொஞ்சம் பருமனாக இருப்பது உடல்தான், அதன் அகலம் ஒரு மீட்டர் சொச்சம். நிலாவில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டிய கடைசித் தூரம் 1,290 மீட்டர். 650 மீட்டருக்கு வரும்போது அது இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கும், மீதி 6 வினாடி. 325 மீட்டரில் நாலு மடங்கு, மீதி 3 வினாடி. கடைசி மூன்று வினாடியில்தான் அது விமானம் போலவே தெரியத் தொடங்கும்.

இன்னொரு சிக்கல், அந்தப் புள்ளி நகராது. கடலோடிகளுக்கு இது பழைய பாடம். கடலூர் துறைமுகத்தை விட்டு விசைப்படகு கிளம்பும்போது எதிரே வரும் படகு நம் பாய்மரக் கம்பத்துக்கு முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே இருந்தால் கவலை இல்லை. கம்பத்தை ஒட்டி அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் சுக்கானைத் திருப்பியாக வேண்டும். விமானத்திலும் அதேதான். முட்டப்போகும் விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நசுங்கிய பூச்சி மாதிரி. நம் கண்ணோ அசைவதைத்தான் முதலில் பிடிக்கும். குறுக்கே பறக்கும் பருந்து சட்டென்று கண்ணில் படும், அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. அசையாத கறுப்புப் புள்ளிதான் ஆபத்து, அதை மூளை கழித்துக்கட்டிவிடும். கிளம்பும் முன் முன்கண்ணாடியைத் துடைப்பது அழகுக்காக இல்லை; உண்மையான பூச்சிக்கறை இருந்தால் புதுப் புள்ளி எதுவென்று தெரியாது.

அந்தப் புள்ளி கண்ணாடிச் சட்டத்தின் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டால்? அதுவும் அங்கேயே நிற்கும். எவ்வளவு நேரம் வெளியே பார்த்தாலும் தெரியாது. இதற்கு வைத்தியம் சின்னதுதான்: சில வினாடிக்கு ஒருமுறை தலையை முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரு சாண் அசைத்துப் பாருங்கள். கண்ணை மட்டும் சுழற்றுவது போதாது.

பார்வையைத் துடைப்பம் போலச் சரசரவென்று ஓட்டினால் எதுவும் பதியாது. 10 டிகிரிக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு வினாடி. இடது 60 டிகிரியிலிருந்து வலது 60 வரை போக 12 வினாடி ஆகிவிடும். மேலே சொன்ன 12.5-ஐ நினைத்துப் பாருங்கள், ஒரு சுற்றுப் பார்வைக்குள் ஒரு விபத்து அடங்கிவிடுகிறது. அதனால் உள்ளே கருவிகளில் பார்வை போனால் மூன்று நான்கு வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. மடியில் டேப்லெட் வைத்திருக்கும் இந்தக் காலத்தில் இது லேசான காரியமில்லை. வெறும் நீல வானத்தையோ வெண்புகையான வெயில் மூட்டத்தையோ பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாகவே பக்கத்துத் தூரத்துக்குக் குவிந்துவிடும். ஊசுட்டேரிக் கரை, ஆரோவில்லின் தங்க உருண்டை என்று தூரத்தில் உள்ள ஏதாவதொன்றில் பார்வையை நிறுத்தி, பிறகு வானத்துக்குத் திரும்புங்கள்.

செஸ்னா 152, 172-க்கு இறக்கை மேலே. பைப்பருக்கும் டைமண்ட் டிஏ40-க்கும் கீழே. மேலே இறக்கை உள்ளதற்கு மேல் பக்கம் குருடு, கீழே உள்ளதற்குக் கீழ்ப் பக்கம் குருடு. ஃபைனலில் மேலே ஒரு டைமண்ட், அடியில் ஒரு செஸ்னா வந்தால் இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, தொடும் வரைக்கும். செஸ்னாவில் திரும்பும்போது திரும்பும் பக்கத்து இறக்கை கீழே சாய்ந்து அந்தத் திசையையே மூடிவிடும். அதனால் இடது திரும்பும் முன் இடது இறக்கையைக் கொஞ்சம் தூக்கி அடியில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது பழக்கமாக வேண்டும். இறங்கும் முன் ரன்வே பக்கம் மடங்கும் பேஸ், ஃபைனல் இரண்டு திருப்பத்திலும்.

சர்க்யூட் என்பது ரன்வேயைச் சுற்றி வரும் செவ்வகம். கிளம்பி ஏறி, குறுக்கே திரும்பி, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட். அங்கிருந்து ரன்வே பக்கம் மடங்குவது பேஸ், ரன்வே நேரே வந்து இறங்குவது ஃபைனல். சின்ன விமானங்களுக்குத் தரையிலிருந்து 1,000 அடி உயரம் வழக்கம். முட்டல்களில் பெரும்பகுதி இந்தச் செவ்வகத்துக்குள்ளேயோ அதன் வாசலிலேயோ, நல்ல வெயிலில், பகலில் நடப்பவை. மேகத்தில் முட்டிக்கொள்வது அபூர்வம்.

கூட்டம் சேரும்போது டவர் கையில் இருக்கும் எளிய ஆயுதம் ஆர்பிட்: டவுன்விண்டிலேயே ஒரு வட்டம் போடச் சொல்வது. கேட்க எளிது, உள்ளே நடப்பதைப் பாருங்கள். வினாடிக்கு 3 டிகிரி திரும்பினால் முழு வட்டத்துக்கு 2 நிமிடம். 90 நாட்டில் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 1.8 கிலோமீட்டர். ரன்வேக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால் அவ்வளவு தூரம் வெளியே போய்த் திரும்பி வருகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் அதே டவுன்விண்டில் இன்னொரு மாணவர், ஒன்றரை நிமிடம் பின்தங்கி. ஒரு நிமிடம் முடியும்போது உங்கள் மூக்கு அவர் வரும் திசையைப் பார்த்து நிற்கும், நீங்கள் அவர் பாதையிலிருந்து 1.8 கிலோமீட்டர் தள்ளி. ஒன்றரை நிமிடத்தில், நீங்கள் வட்டத்தைத் தொடங்கிய அதே புள்ளியை அவர் கடக்கிறார். இரண்டு நிமிடத்தில் நீங்கள் அங்கே வந்து சேர்கிறீர்கள், அவர் 1.4 கிலோமீட்டர் முன்னால். வரிசை மாறிவிட்டது, யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அவர் சரியாக இரண்டு நிமிடம் பின்னால் இருந்திருந்தால் இருவரும் ஒரே வினாடியில் ஒரே புள்ளியில் இருப்பீர்கள். இரண்டு நிமிடம் என்றால் ஐந்தரை கிலோமீட்டர். அவ்வளவு தள்ளி இருக்கிறவரை யாரும் நெருக்கம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆர்பிட் கிடைத்தால் ‘எனக்குப் பின்னால் யார், எங்கே’ என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள். நீங்கள் பின்னால் இருக்கிறவர் என்றால், முன்னவருக்கு ஆர்பிட் சொன்னதைக் காதில் வாங்கி, ‘நான் தொடர வேண்டுமா, நானும் வட்டமா’ என்று கேளுங்கள். டவுன்விண்டை நீட்டச் சொல்வதிலும் இதே ஓட்டை உண்டு. முன்னவரை நீட்டச் சொன்னது பின்னவர் காதில் விழாவிட்டால் அவர் வழக்கமான இடத்தில் பேஸ் திரும்பி முன்னவரின் வழியில் வெட்டுவார். நீட்டிய ஒவ்வொரு 30 வினாடிக்கும் 1.4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், முன்னவரை எங்கே தேடுவது என்று தெரியும்.

ஏன் இப்படி நீட்டுகிறார்கள்? ஏடிஆர் என்ற பயணிகள் விமானம் வருவதால். 2024 டிசம்பரிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத் விமானங்கள் திரும்ப ஓடுகின்றன. ஃபைனலில் ஏடிஆர் 120 நாட் பக்கம், செஸ்னா 65. ரன்வே முனைக்கு நேர்ப்பக்கத்தில் டவுன்விண்டில் இருக்கும் செஸ்னா இறங்கி, ஓடி, வெளியேற நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடத்தில் ஏடிஆர் 8 கடல்மைல் வந்துவிடும். நீங்கள் அந்த இடத்தில் இருக்கும்போது ஏடிஆர் ‘8 மைல் ஃபைனல்’ என்றால், உங்களை நிறுத்தி வைப்பார்கள் என்று முன்கூட்டியே தயாராகலாம். அதற்குப் பின்னால் இறங்குவதானால் சுழல்காற்றுக்காக 3 நிமிட இடைவெளி. 23 டன் விமானம் விட்டுச்செல்லும் சுழல் ஒரு டன் செஸ்னாவைப் புரட்டிப்போடும்.

ஏடிஆரைத் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. அதற்கும் இறக்கை மேலேதான். இறக்கை 27 மீட்டர். 3.2 கிலோமீட்டரில் உள்ள ஏடிஆரும் 1.3 கிலோமீட்டரில் உள்ள செஸ்னாவும் கண்ணுக்கு ஒரே அகலம். முன்னால் போகும் செஸ்னாவைப் பார்க்கச் சொன்னால் தூரத்து ஏடிஆரைக் காட்டிக்கொண்டு ‘இன் சைட்’ என்று சொல்லிவிட முடியும். பார்த்தது சொன்னதுதானா என்பதற்கு மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும்: இடம், போகும் திசை, வகை. மூன்றில் ஒன்று இடித்தாலும் ‘லுக்கிங் அவுட்’ (தேடிக்கொண்டிருக்கிறேன்) என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ‘நெகட்டிவ் காண்டாக்ட்’ (தெரியவில்லை) சொல்வதில் ஒரு மானக்கேடும் இல்லை.

அமெரிக்காவில் டென்வர் பக்கத்து சென்டெனியல் நிலையத்தில் 2021 மே 12 அன்று நடந்தது இதற்குக் கிட்டத்தில் வரும். டவர் உள்ள இடம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரன்வே. சிர்ரஸ் எஸ்ஆர்22 என்ற சின்ன விமானத்தின் விமானி, இணையான ரன்வேக்கு வரும் மெட்ரோலைனர் என்ற இன்னொரு விமானத்தைப் பற்றி எச்சரிக்கப்பட்டார், தெரிகிறது என்றும் சொன்னார். பேஸிலிருந்து ஃபைனல் திரும்பும்போது தன் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கோட்டுக்குள் போய் மெட்ரோலைனரைக் கிழித்தார். சிர்ரஸ் தன் பாராசூட்டில் இறங்கியது, மெட்ரோலைனர் முதுகு பிளந்தபடி ரன்வேயில் இறங்கியது, மூன்று பேருக்கும் காயமில்லை. அதிர்ஷ்டம் எல்லோருக்கும் அப்படி அமையாது: 2022 ஜூலை 17, வடக்கு லாஸ் வேகாஸ், இதே மாதிரி இணை ரன்வேக்கள், பைப்பர் தனக்குக் கொடுக்காத ரன்வே நேரே போனது, செஸ்னாவோடு மோதி நாலு பேர் போனார்கள். அங்கேயும் டவர் இருந்தது.

லாஸ்பேட்டையில் இணை ரன்வே இல்லை, அந்த வினை நமக்கில்லை. நம் ஊர் வினை காற்று. காலையில் நிலக்காற்று மேற்கிலிருந்து, அப்போது 25 உபயோகம். வெயில் ஏறியதும் கடற்காற்று உள்ளே வந்து 07-க்கு மாறும். மாறும் அந்த அரைமணி நேரம்தான் நாளிலேயே மோசமானது என்று சொல்வேன். 25-க்கு இடப்பக்க சர்க்யூட் என்றால் டவுன்விண்ட் நகரத்தின் பக்கம், தெற்கில், கிழக்கு நோக்கிப் போகும். 07-க்கு மாறிய பிறகு அதே தெற்குப் பக்கத்தில் வலப்பக்க சர்க்யூட் போட்டால் டவுன்விண்ட் மேற்கு நோக்கி. அதே கோடு, அதே 1,000 அடி, எதிரெதிர்த் திசை. பழைய ரன்வேயில் ஒரு மாணவர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து புதிதாக வருகிறவர் புது ரன்வேக்குச் சேர்ந்தால், 90 நாட்டும் 90 நாட்டும் சேர்ந்து ஒரு கிலோமீட்டர் 11 வினாடியில் தீரும். பன்னிரண்டரை வினாடி கையில் இல்லை. ரன்வே மாறியது என்று காதில் விழுந்தால், சர்க்யூட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எல்லோரும் மாறிவிட்டார்களா, எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை வெளியே நில்லுங்கள்.

மாறிய பிறகும் ஒன்று. தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றில், தெற்குப் பக்க சர்க்யூட்டின் பேஸில் காற்று முதுகில் தள்ளும். வழக்கமான இடத்தில் ஃபைனல் திரும்பினால் கோட்டைத் தாண்டிப் போவீர்கள். நேரே வரும் ஒருவரின் முன்னால் போய் நிற்கும் இடம் அது. கொஞ்சம் முன்கூட்டியே திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

ரேடியோவைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால் மற்றவர்களுக்குக் கேட்பது ‘கீ...’ என்ற இரைச்சல். அமுக்கிய இருவருக்கும் தாங்கள் சொன்னது போய்ச் சேர்ந்ததாகவே தோன்றும். டவர் உங்கள் அழைப்புப் பெயரைச் சொல்லிப் பதில் தராதவரை நீங்கள் எதையும் சொல்லவில்லை என்று கொள்க. ஒரே பள்ளியின் விமானங்களுக்குக் கடைசி எழுத்துகள் ஒத்துப்போகும். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் செய்வது நடக்கும். இடத்தைச் சொல்லும்போது இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், போகப்போகும் இடத்தை அல்ல. டவுன்விண்டுக்கு இன்னும் திரும்பாதபோதே ‘டவுன்விண்ட்’ என்று சொல்லி இடம் பிடிக்கிற பழக்கம், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி, எல்லோரையும் தவறான இடத்தில் தேட வைக்கும்.

உயரம் நம்பகமானதா? ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவானால் இரண்டு நாளில் கியூஎன்எச், அதாவது உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண், 1012-லிருந்து 1004-க்கு இறங்கலாம். அந்த எண்ணின் அலகு ஹெக்டோபாஸ்கல்; கடல்மட்டத்தை ஒட்டி ஒன்றுக்கு 27 அடி. பழைய எண்ணை மாற்றாதவர் கருவியில் 1,000 அடி பார்த்துக்கொண்டு நிஜத்தில் 216 அடி கீழே பறப்பார். பெரிய விமானம் 1,500 அடியிலும் சின்னது 1,000 அடியிலும் சுற்றினால் இடைவெளி 500 அடிதான். பெரியதில் இருப்பவர் இந்தத் தவறைச் செய்தால் அதில் பாதிக்குக் கிட்டே போய்விடுகிறது.

நம் இடத்தையும் உயரத்தையும் ரேடியோவில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் இந்த எண்ணைச் சார்ந்ததில்லை, எப்போதும் 1013-ஐ வைத்துத்தான் உயரத்தை அனுப்பும். ஆனால் அதன் குமிழ் எங்கே நிற்கிறது என்பது முக்கியம். ‘ஸ்டாண்ட்பை’யில் விட்டால் நீங்கள் யாருக்கும் இல்லை. ‘ஆன்’ என்றால் இடம் தெரியும், உயரம் தெரியாது. ஏடிஆரில் உள்ள டிகாஸ் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவி ‘டிராஃபிக்’ என்று கத்துமே தவிர, ஏறு இறங்கு என்று வழி சொல்ல முடியாது. ‘ஆல்ட்’டில் இருக்க வேண்டும். வரிசைச் சோதனையில் இதைக் கைவிரலால் தொட்டுப் பார்க்காமல் ‘செக்ட்’ என்று வாசிப்பவர்கள் நிறைய. எல்லாம் சரியாக இருந்தாலும் தரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் வழிகாட்டுதலை நிறுத்திவிடும். அதாவது ஃபைனலின் கடைசி மூன்று மைல். 1996 நவம்பர் 12-இல் சார்க்கி தாத்ரி வானில் 349 பேர் இறந்த பிறகு இந்தியாவில் பெரிய விமானங்களுக்கு இந்தக் கருவி கட்டாயமானது. பயிற்சிச் செஸ்னாக்களில் பொதுவாக இது கிடையாது.

சர்க்யூட்டை விட்டு வெளியே போனால் கடற்கரை. புதுச்சேரியிலிருந்து கடலூர் 20 கிலோமீட்டர் சொச்சம், ஏழெட்டு நிமிடம். எல்லோரும் கரையைப் பிடித்தே போவார்கள், வருவார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு ஒரே கோட்டில், மீட்டர் பிசகாமல். 3,000 அடிக்கு மேலே திசைக்கேற்ற உயர விதி உண்டு, நாம் பறக்கும் உயரத்தில் அது இல்லை. கரை எப்போதும் உங்கள் இடப்பக்கம் இருக்கட்டும். தெற்கே போகிறவர் நிலத்தின் மேல், வடக்கே வருகிறவர் கடலின் மேல். ஒற்றை எஞ்சினோடு கடல் மேலா என்று பயப்பட வேண்டாம்: 1,500 அடியில் எஞ்சின் நின்றால் செஸ்னா 172 காற்றில்லாதபோது நாலு கிலோமீட்டர் மிதக்கும், நீங்கள் கரையிலிருந்து அரை கிலோமீட்டர்தான் தள்ளியிருக்கிறீர்கள். ‘ஆற்று முகத்துவாரம் மேலே’ என்று இடம் சொன்னால் இந்தக் கரையில் யாருக்கும் புரியாது. சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம் என்று வரிசையாக இருக்கின்றன. கோடையில் மணல் மூடி மூன்றும் ஒரே மாதிரி. பெயரைச் சொல்லுங்கள். ‘ஏரி’ என்றாலும் ஊசுட்டேரியா பாகூரா என்று சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் திடீரென்று எதிரே ஒருவர் வந்தால்: நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம். குறுக்கே வந்தால், மற்றவரைத் தன் வலப்பக்கத்தில் காண்கிறவர் வழி விட வேண்டும். அவர் வாலைக் குறிவைத்துத் திரும்பினால் பின்னால் கடந்துவிடலாம். அவர் விதிப்படி நடப்பார் என்று காத்திருக்காதீர்கள், அவர் உங்களைப் பார்க்கவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அவரை உங்கள் இறக்கை மறைத்துவிடாமல் பாருங்கள்.

மயிரிழையில் தப்பினால் அதே அலைவரிசையில் ‘ஏர்ப்ராக்ஸ்’ (ஆபத்தான நெருக்கம்) என்ற சொல்லோடு சொல்ல வேண்டும், இறங்கியதும் எழுத வேண்டும். கேன்டீனில் சிரித்துக்கொண்டே பேசி முடித்துவிடுவதுதான் இங்கே வழக்கம். பயிற்றுநர் திட்டுவார், பள்ளிக்குக் கெட்ட பெயர் என்ற பயம். எழுதினால்தான் ஆர்பிட் எங்கே தரலாம், ரன்வே மாற்றும்போது யாரை வெளியே நிறுத்தலாம் என்று நடைமுறை மாறும். முழங்காலில் கட்டிய அட்டையிலேயே, கை நடுக்கம் அடங்கும் முன், குறித்துக்கொள்ளுங்கள்: நேரம், இடம், உயரம், வைத்திருந்த கியூஎன்எச், உங்கள் திசை, அவர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனார், இறக்கை மேலா கீழா, நிறம், எத்தனை மீட்டர், நீங்கள் திரும்பினீர்களா, அவர் திரும்பினாரா. தூரத்தை மீட்டரில் சொல்ல வராவிட்டால், அவர் இறக்கை கண்ணாடியில் எத்தனை விரல் அகலம் இருந்தது என்று எழுதுங்கள், கணக்குப் போட்டுக்கொள்வார்கள். நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள், நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி கழித்து. காலை 9.10 என்றால் 0340.